டிஎஸ்பி சார் கேட்காமல் போன கேள்வி

ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தேன். ஒரு பக்கத்து உறை கிழிந்து உள்ளேயிருந்த பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது. எதிரே டிஎஸ்பி சார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் பேசுவதற்காகக் காத்திருந்தார். கீழே கிடங்கில் மிளகு மூட்டை இறக்கும் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். அரை நிமிடம்கூட வராத ஒரு குரல் பதிவை மூன்று தடவை கேட்டு முடித்திருந்தேன். குரல் யாருடையது என்பது முதல் தடவையிலேயே தெரிந்துவிட்டது. மற்ற இரண்டு தடவையும், அது வேறு யாருடையதாவது இருக்கட்டும் என்ற ஆசையில் கேட்டவை.

மட்டாஞ்சேரியில் துப்புரவு வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட குடும்பங்கள் குடியிருக்கும் தெருவில் பிறந்தவள் நான். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசும், எழுத்தென்றால் மலையாளம்தான். அப்பாவின் பிடிவாதத்தால் நான் மட்டும் பாலக்காட்டில் விடுதியில் தங்கித் தமிழ் படித்தேன். திரும்பி வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகத் தமிழ் டீச்சராகச் சேர்ந்தேன். நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலும் என் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்படித்தான் அந்த அலுவலகத்துக்குப் போய்வர ஆரம்பித்தேன். பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் வாடகைக்கு இருந்த அந்த அலுவலகத்துக்கு வெளியே பெயர்ப் பலகை கிடையாது. நானும் அதன் பெயரை எழுதப்போவதில்லை. எங்களுக்குத் தெற்கே கடலில் இருக்கும் அந்த நாட்டின் பெயரையும் எழுதவில்லை. வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதனால் தீவு என்றே சொல்கிறேன்.

அந்த அலுவலகத்தின் வேலையை டிஎஸ்பி சார் முதல் நாளே எனக்கு எளிமையாகச் சொல்லியிருந்தார். குண்டு வைக்கிறவன் ஒரு நாட்டில் பணம் வாங்குகிறான், இன்னொரு நாட்டில் மருந்து வாங்குகிறான், மூன்றாவது நாட்டில் வைக்கிறான். போலீஸ்காரனுக்கு மட்டும் கரையோடு எல்லை முடிந்துவிடுகிறது. அதனால் இந்தக் கரையில் இருக்கிற போலீஸ்காரன் அந்தக் கரையில் இருக்கிறவனுக்குச் சொல்ல வேண்டும். அவனும் இவனுக்குச் சொல்ல வேண்டும். சொல்வது நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். "அத்ரயே உள்ளூ டீச்சரே," என்றார். அவ்வளவுதான் என்று அர்த்தம். திருச்சூர்ப் பக்கத்து மலையாளி. ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒல்லியான மனிதர். என்னிடம் தமிழ் என்று நினைத்துக்கொண்டு ஒரு பாஷை பேசுவார். நீதிமன்றத்தில் எல்லோரும் என்னை வா போ என்று கூப்பிட்ட காலத்தில், நாற்காலியை இழுத்துப் போட்டு "டீச்சர் இருக்கணும்" என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

தீவில் அப்போது பதற்றமான நாட்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பேருந்தை நிறுத்திச் சோதனை போட்டிருக்கிறார்கள். ஓட்டல் சமையற்கட்டில் வேலை பார்க்கும் இந்தியப் பையன் ஒருவனின் போனை வாங்கிப் பார்த்தபோது, கொச்சியிலிருந்து வந்த இந்தக் குரல் பதிவு அதில் இருந்தது. கேட்டவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. பையனைப் பிடித்து வைத்துக்கொண்டு, பேசியது யார், எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்கச் சொல்லி இரவோடிரவாக இங்கே அனுப்பிவிட்டார்கள்.

பதிவில் இருந்தது இவ்வளவுதான்: "மோனே, ஞாயித்துக்கிழமை காலைல வெடி வெச்சிருக்கு. நாளும் பேரும் குடுத்தாச்சு. நூத்தியொண்ணு. நீ ஒண்ணும் பேடிக்கண்டா. எல்லாம் கழியும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டிஎஸ்பி சாருடைய அவசரம் எனக்குப் புரிந்தது. அவருக்குப் புரியாததும் எனக்குப் புரிந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் சில கோயில்களில் வெடி வழிபாடு உண்டு. அர்ச்சனைக்குச் சீட்டு எழுதுவதுபோல, கஷ்டம் தீர்வதற்காகப் பெயரும் நட்சத்திரமும் சொல்லிச் சீட்டு வாங்குவார்கள். கோயில்காரர்கள் இரும்புக் குழாயில் மருந்து திணித்து வெடிப்பார்கள். மலையாளத்தில் நாள் என்றால் நட்சத்திரம், பேடிக்கண்டா என்றால் பயப்படாதே. தீவில் வெடி வைப்பதென்றால் சுடுவது. அங்கேயுள்ள இன்னொரு பாஷையிலும் வெடி என்றால் துப்பாக்கிச் சூடுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மகனுக்காகக் கோயிலில் நேர்ந்துகொண்ட ஒரு தாயின் பேச்சு, கடலைத் தாண்டியதும், சுடுவதற்குக் கிழமையும் பேரும் குறித்துக் கொடுத்தாகிவிட்டது என்று ஆகியிருந்தது.

இதையெல்லாம் நான் விளக்கிச் சொன்னேன். சார் எழுதிக்கொண்டே வந்தார். வழிபாட்டு விஷயம் அவருக்கும் தெரியும். தமிழில் கேட்டதால் பிடிபடவில்லை. எழுதி முடித்து, "அப்போ இந்த அம்மா ஆராணென்னு கண்டுபிடிக்கணும்," என்றார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். போன் எண்ணை வைத்துத் தேடினாலும் சாயங்காலத்துக்குள் அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள். பையன் அங்கே அடைபட்டிருக்கிறான், இங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்ற நினைப்பு என்னைப் பேசவைத்தது.

"சார், இந்தக் குரல் எனக்குத் தெரியும். எங்க வீட்டுலேர்ந்து ரெண்டு வீடு தள்ளி இருக்கிற அக்கா. சுக்குக் கிடங்குல வேலைக்குப் போறாங்க."

அவர் பேனாவை மூடினார்.

"டீச்சரே, இது சொல்லாம இருந்நிருக்கலாம்."

"எப்படி சார் சொல்லாம இருக்கறது?"

"சொன்னது நல்லது. பக்ஷே இனி நீங்க டிரான்ஸ்லேட்டர் அல்ல. சாட்சி."

அந்த வார்த்தையின் கனம் அப்போது எனக்குத் தெரியவில்லை. வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை அந்த அறையிலேயே உட்காரச் சொன்னார்கள். நான் அக்காவுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான்கு பேர் ஜீப்பில் ஏறி அக்கா வீட்டுக்குப் போனார்கள். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தத் தெருவிலேயே வளர்ந்தவள் என்பதால், ஒன்றொன்றாகக் கற்பனை செய்ய முடிந்தது. அரிசிப் பானையைக் கவிழ்ப்பதை, கணவரின் படத்துக்குப் பின்னால் கையை விடுவதை, எதிர்வீட்டுக் கதவுகள் பாதி திறந்து நிற்பதை. எல்லாம் அப்படியே நடந்தது என்று பிறகு அம்மா சொன்னாள்.

கோயில் சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. பையனுடைய பெயர், திருவாதிரை நட்சத்திரம், வெடி நூற்றொன்று, ஞாயிற்றுக்கிழமை. அக்கரையில் வைப்பினில் ஒரு சின்னக் கோயில். தீவில் ஓட்டல் முதலாளி பையனை வேலையை விட்டு நிறுத்தப்போவதாகச் சொல்லியிருந்தாராம். அவன் பயந்துபோய் அம்மாவிடம் புலம்பியிருக்கிறான். அதற்குத்தான் இந்த நேர்த்திக்கடன்.

சார் அத்துடன் நிறுத்தியிருந்தால் சீட்டின் நகலையும் என் மொழிபெயர்ப்பையும் முறைப்படி மேலிடத்துக்கு அனுப்பியிருப்பார். அது டெல்லிக்குப் போய், அங்கிருந்து தீவின் தலைநகருக்குப் போய், அங்கிருந்து இறங்கிப் பையனை அடைத்து வைத்திருந்த ஊருக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று அவருக்குத் தெரியும். அந்த ஊரில் அவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். இரண்டு நாட்டு அதிகாரிகளுக்கும் சேர்த்துக் கொச்சியில் நடந்த ஒரு பயிற்சியில் பழக்கமானவர், அங்கே இன்ஸ்பெக்டர். அவருக்கே நேராகச் சொல்லிவிடுவது என்று சார் தீர்மானித்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அக்காவை அழைத்துக்கொண்டு வைப்பினுக்குப் புறப்பட்டார். துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்று என்னையும் வரச் சொன்னார். ஃபோர்ட்கொச்சியிலிருந்து படகில் போனோம். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றாள். முந்தின நாள் வேலைக்குக் கட்டியிருந்த புடவையையே கட்டியிருந்தாள். சுக்கு வாசனை அடித்தது. பாதித் தூரம் போனபிறகு திரும்பாமலே கேட்டாள்.

"நீயாணா மோளே சொன்னது?"

"ஆமா அக்கா."

"என் சத்தம் உனக்கு மனசிலாச்சு. பின்ன எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லாம, அவனுங்ககிட்ட எதுக்குச் சொன்னே?"

அங்கிருந்து வெளியே விடவில்லை என்று சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்றும் சொன்னேன். படகில் சைக்கிளோடு நின்ற மீன்காரர்கள், போலீஸ்காரர்களுக்கு நடுவே நின்ற எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

கோயிலில் கூட்டம் இல்லை. ஒலிபெருக்கியில் ஒருவர் ஒவ்வொரு சீட்டாக வாசித்துக்கொண்டிருந்தார். பையனின் பெயர் வந்தது, திருவாதிரை வந்தது, நூற்றொன்று வந்தது. டிஎஸ்பி சார் செருப்பைக் கழற்றிவிட்டு மதிலோரமாக நின்று, பதிவுசெய்யப் போனை உயரத் தூக்கிப் பிடித்தார். வெடிகள் அடுத்தடுத்து வெடித்தன. அரசமரத்துக் காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. அக்கா கைகூப்பியபடி நின்றாள். அவள் உடம்பு ஒவ்வொரு வெடிக்கும் துள்ளியது. மகன் தீவில் ஒரு லாக்கப்பில் இருக்கிறான் என்பது முந்தின நாள்தான் அவளுக்குத் தெரியும். அவன் கஷ்டம் தீரட்டும் என்று இன்று அவன் பெயரைச் சொல்லி வெடிக்கிறார்கள். சார் அந்தப் பதிவை அங்கிருந்தே தன் சிநேகிதருக்கு அனுப்பினார். "இது கேட்டால் மதி. இன்னு வைகுந்நேரம் அவனை விடுவாங்க," என்று அக்காவிடம் சொன்னார். இதைக் கேட்டாலே போதும், சாயங்காலத்துக்குள் விட்டுவிடுவார்கள் என்று அவர் மனதார நம்பினார்.

அந்தச் சிநேகிதர் அன்று விடுப்பில் இருந்தார். அவர் தன் வீட்டிலிருந்தே பதிவை அலுவலகத்துக்கு அனுப்பி, விவரத்தைத் திங்கட்கிழமை வந்து சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறார். அலுவலகத்தில் கேட்டவருக்கு மலையாளம் தெரியாது. பிடித்து வைத்திருக்கும் பையனின் பெயரை ஒருவன் ஒலிபெருக்கியில் சொல்கிறான். உடனே வெடிச் சத்தம், தொடர்ந்து பல வெடிச் சத்தங்கள். அவர் அதை இன்னொரு சாட்சியமாகக் கோப்பில் சேர்த்து மேலே அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை சிநேகிதர் வந்து தலையில் அடித்துக்கொண்டபோது கோப்பு தலைநகருக்குப் போய்விட்டிருந்தது. அங்கே போனதைத் திருப்பி வாங்குவது அவருடைய கையில் இல்லை.

பையன் நான்காம் மாதம்தான் வெளியே வந்தான். வழக்கு எதுவும் போடவில்லை. தவறு நடந்துவிட்டது என்றும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கொச்சியில் இறங்கியதும் இங்கேயும் அரை நாள் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். கூட்டி வரப் போன என் தம்பி, முதலில் அவனை அடையாளம் தெரியவில்லை என்றான். இடது காது கேட்காமல் போயிருந்தது. என்ன ஆயிற்று என்று அக்காவிடம்கூட அவன் சொல்லவில்லை. கோயிலில் திருவிழா என்றால் அன்று வேறு ஊருக்குப் போய்விடுவான். போனில் யாராவது குரல் பதிவு அனுப்பினால், கேட்காமலே அழித்துவிடுவான்.

அக்காவைச் சுக்குக் கிடங்கில் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. வேறு கிடங்குகளிலும் அவள் வருவதற்கு முன்பே செய்தி போய்விட்டிருந்தது. தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளமாட்டாள். "ஸ்கூலுக்கோ?" என்று கேட்பாள். "ஆமா அக்கா" என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட எங்களுக்குள் இல்லாமல் போனது. சின்ன வயதில் எனக்குத் தலை பின்னிவிட்டவள் அவள்.

அலுவலகத்திலும் இரண்டு காரியங்கள் நடந்தன. கோயில் பதிவை முறை மீறி அனுப்பியதற்காக டிஎஸ்பி சாரிடம் விளக்கம் கேட்டார்கள். இனிமேல் எந்தப் பதிவும் சான்று பெற்ற மொழிபெயர்ப்பு இல்லாமல், மேலதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் வெளிநாட்டுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. பிடிபட்டவனின் குடும்பத்தோடு பழக்கமுள்ளவள் என்பதால், பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள். சாட்சி என்று சார் சொன்னதன் கனம் அப்போதுதான் புரிந்தது. எனக்கு அதில் வருத்தம் இருக்கவில்லை. விட்டது தொல்லை என்றுதான் நினைத்தேன். இரண்டு உத்தரவுகளும் நியாயமானவை என்றே இன்றும் நினைக்கிறேன். இன்னொரு பையனுக்கு அப்படி நடக்கக் கூடாது என்று யோசித்துத்தான் யாரோ அவற்றை எழுதியிருக்க வேண்டும்.

அடுத்த வருடம் பள்ளிக்கூடம் திறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. நல்ல மழை. மதிய இடைவேளையில் டிஎஸ்பி சார் குடையோடு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். சீருடையில் இல்லை. "இதுவழி போனேன், டீச்சரைக் காணலாம்னு," என்றார். மற்ற டீச்சர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். சாயா வரவழைத்தேன். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார், பையனின் காதைப் பற்றிக் கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவருடைய கை அடிக்கடி சட்டைப்பைக்குப் போய் வந்தது. பையில் போன் இருந்தது. யாருடைய அழைப்புக்கோ காத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"டீச்சரே, தீவுக்காருடைய தமிழும் நம்முடைய தமிழும் வளரே வித்தியாசம் அல்லே?" என்று திடீரென்று கேட்டார்.

"வித்தியாசம்தான் சார். கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டா புரிஞ்சிடும்."

"உம்," என்றார். ஏதோ கேட்க வாயெடுத்ததுபோல எனக்குத் தோன்றியது. அப்போது மணி அடித்தது. எனக்கு ஏழாம் வகுப்பு. அவரும் எழுந்துகொண்டார். பாதிச் சாயா அப்படியே இருந்தது. மழையில் மைதானத்தைத் தாண்டிப் போய், கேட்டருகில் சற்று நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத் தீவில் ஒரு சந்தையில் குண்டு வெடித்தது என்று பத்திரிகையில் வந்தது. காய்கறி வாங்க வந்தவர்கள் செத்துப்போனார்கள். கவிழ்ந்து கிடந்த தராசு ஒன்றின் படம் போட்டிருந்தார்கள். நான் படித்துவிட்டு, ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

அதன்பின் பல வருடங்கள் சாரை நான் பார்க்கவில்லை. ஓய்வு பெற்றுத் தோப்பும்படியில் வீடு வாங்கிக்கொண்டு இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். இந்த வருடம் மழைக்கு முன்னால் அவருடைய மனைவி போன் செய்தார். சாருக்கு உடம்பு முடியவில்லை, டீச்சரைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டார், ஒரு நடை வந்து போக முடியுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன்.

முன் அறையிலேயே கட்டில் போட்டிருந்தார்கள். ஏற்கனவே ஒல்லியானவர், இப்போது போர்வைக்கு அடியில் ஆள் இருப்பதே தெரியவில்லை. மனைவியை உள்ளே போகச் சொன்னார். சேச்சி போனபிறகு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளும்படி சைகை காட்டினார். நலம் விசாரிக்கவெல்லாம் இல்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்று அவர் பையில் இருந்த போனில் ஒரு குரல் பதிவு இருந்தது. கள்ளப் பாஸ்போர்ட் வழக்கு ஒன்றில் கொச்சியில் பிடிபட்டவனுடைய போனிலிருந்து எடுத்தது. தீவிலிருந்து வந்த பதிவு, தீவுத் தமிழ். சந்தை, சாமான் என்ற இரண்டு வார்த்தைகள்தான் அவருக்குப் புரிந்தன. மட்டாஞ்சேரியில் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லாமல் ஒரு நாள் போகுமா என்று என்னைக் கேட்டார். கூலிக்காரன் ஒருவனின் பேச்சாகத்தான் தோன்றியது. ஆனாலும் மனதில் ஏதோ உறுத்தியது. என் பெயர் பட்டியலில் இல்லை. மொழிபெயர்க்க வெளியூருக்கு அனுப்பினார்கள். அது வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். பதிவை அப்படியே தீவுச் சிநேகிதருக்கு அனுப்பிவிடலாமா என்று நினைத்தார். அதற்குத்தான் ஏற்கனவே ஒரு தடவை விளக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரைக் கேட்கவைக்கலாம் என்று புறப்பட்டு வந்தார். வந்து உட்கார்ந்தபிறகு, பையனின் காதைப் பற்றி நான் சொன்னேன்.

"அது கேட்டப்போ எனக்குத் தோணிச்சு, இதுவும் அதுபோலெ ஏதாவது ஒண்ணு ஆயிருக்கும். இன்னொரு அம்மாவுடைய பிள்ளை. அவசரப்பட்டா அவனும் நாசமாகும். ரூல் உண்டு அல்லே, ரூல்படி போகட்டேன்னு." மூச்சு வாங்கினார். "பையிலே கை வெச்சு வெச்சு எடுத்தேன். டீச்சர் கண்டு காணும்."

"பாத்தேன் சார்."

மொழிபெயர்ப்பு வந்தது நான்காம் நாள். சந்தையில் வெடித்தது அதற்கு முந்தின நாள். வந்ததை அவர் முறைப்படி அனுப்பிவைத்தார். அங்கிருந்து அந்தச் சிநேகிதர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாராம், கிடைத்தது, நன்றி என்று. அதற்குப் பிறகு அவர் போன் செய்யவே இல்லை. சாரும் செய்யவில்லை. விசாரணை எதுவும் வரவில்லை. எல்லாம் முறைப்படி நடந்திருந்ததால் யாரையும் குறை சொல்ல இடமில்லை.

"அந்த மூணு நாலு நாள்ல அதை எத்ர தவணை கேட்டேன்னு எனக்கே தெரியாது. இப்பவும் காதிலே உண்டு. சொல்லட்டே?"

நான் தலையாட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பொருள் தெரியாமல் மந்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைபோல, ஒவ்வொரு எழுத்தாக, வேறொருவனின் இழுவையோடும் நிறுத்தத்தோடும் சொன்னார்:

"பின்னேரம் சந்தையடியிலை சனம் கூடேக்கை சாமான் இறக்கிறது. பிறகு என்னைப் பாத்துக்கொண்டிருக்க வேண்டாமெண்டு அம்மாட்டைச் சொல்லு."

அந்தக் குரல் இளைஞனுடையது என்பதுகூட எனக்குத் தெரிந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேர் மூட்டை இறக்குகிறவர்கள். சந்தையில் சரக்கு இறக்குவது விடிவதற்கு முன்னால். ஆள் வருவதற்குள் வண்டி வெளியே போயிருக்க வேண்டும். சாயங்காலம், கூட்டம் சேரும்போது என்று பார்த்து எந்தக் கூலிக்காரனும் சாமான் இறக்கமாட்டான். எந்தக் கூலிக்காரனும் என்னை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம் என்று, பிறகு எப்போதுமே வேண்டாம் என்பதுபோல, அம்மாவுக்குச் சொல்லி அனுப்பமாட்டான். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்று ஆசிரியர் அறையில் அவர் அந்தப் போனை எடுத்திருந்தால், ஏழாம் வகுப்புக்கு நான் தாமதமாகக்கூடப் போயிருக்கமாட்டேன்.

சார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சத்யம் மட்டும் சொல்லணும் டீச்சரே. அன்னு நான் கேட்டிருந்தா, டீச்சருக்கு மனசிலாயிருக்குமோ?"

உள்ளே சேச்சி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது.

"கஷ்டம் சார்," என்றேன். "தீவுப் பேச்சு. இப்ப என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சதால அர்த்தம் வருது. அன்னிக்குக் கேட்டிருந்தா, வேலைக்குப் போற பையன் வரத் தாமசமாகும்னு வீட்டுக்குச் சொல்லி அனுப்பறான்னுதான் எழுதிக் கொடுத்திருப்பேன்."

"உள்ளதோ?"

"உள்ளதுதான் சார்."

எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் சொல்வது உண்மையா பொய்யா என்று பார்ப்பதே அவருக்கு முப்பது வருட உத்தியோகம். வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்வையை எடுக்கவில்லை. பிறகு போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, நாற்காலிக் கைப்பிடியில் இருந்த என் கைமேல் வைத்தார். அதில் எடையே இல்லை.

"சாரமில்ல டீச்சரே," என்றார். பரவாயில்லை என்பதற்கு எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.